நாடா சுற்றும் வரை

வணக்கம் நேயர்களே. பாட்டையோ கிதாரையோ காந்த நாடாவில் பதிந்து, கொஞ்சம் தள்ளி எதிரொலியாகத் திருப்பித் தரும் பழைய டேப் எக்கோ பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. என் மேசைக்கு அதிகம் வருவது ரோலண்ட் ஆர்இ-201, 1974-இல் ஜப்பானில் இருந்து வந்த 'ஸ்பேஸ் எக்கோ'. ஜமைக்காவில் ரெகே இசைத் தயாரிப்பாளர் லீ பெரி தன் பிளாக் ஆர்க் ஸ்டுடியோவில் வைத்து விளையாடினாரே, அதே பெட்டிதான்.

மூடியைத் திறந்தால் கால் அங்குல நாடா, ரீல் எதுவும் இல்லாமல், நெளிந்து நெளிந்து ஒரு தொட்டிக்குள் கிடக்கும். நாடா உரசிப் போகும் காந்த முனைகளைத்தான் ஹெட் என்கிறோம்; ஒரு ஹெட் பதிவு செய்யும், அதற்கு அடுத்தடுத்து இருக்கும் மூன்று ஹெட்டுகள் அதையே திருப்பிப் பாடும். ஹெட்டுக்கு ஹெட் உள்ள தூரமும் நாடா ஓடும் வேகமும்தான் எதிரொலி எப்போது வரும் என்பதைத் தீர்மானிக்கின்றன, அதனால் நாடா ஒரு நூல் வழுக்கினாலும் காதுக்குத் தெரிந்துவிடும்.

போன மாதம் ஒரு கிதார்காரர் கொண்டுவந்தார். சுருதி ஆடுகிறது என்று சொல்லி, யாரோ மின்சுற்றுப் போர்டில் இருந்த பாதி உதிரிபாகங்களை மாற்றியிருக்கிறார்கள். கோளாறு போர்டிலேயே இல்லை. நாடாவைச் சுழலும் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்ன ரப்பர் உருளை இருக்கிறதே, அது இத்தனை வருடத்தில் இறுகி, நகத்தால் அழுத்தினாலும் அமுங்காமல், கண்ணாடி மாதிரி பளபளத்துக் கிடந்தது. புது உருளை போட்டேன். அப்புறம் ஹெட்டுகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன், முதல் பஞ்சு காப்பித்தூள் நிறத்தில் வந்தது, நாலாவது பஞ்சு வெள்ளையாக வந்தபோதுதான் நிறுத்தினேன். மங்கிக் கிடந்த கீச்சு ஒலிகளெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

அவர் இன்னொன்றும் கேட்டார். பல ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரோடு இணைத்தால் நேரடி ஒலியும் எதிரொலியும் சேர்ந்தே திரும்பி வருகின்றன, எதிரொலி மட்டும் வேண்டும் என்றார். நியாயமான தேவை, அதற்கு ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன். ஆனால் முன்பலகையில் துளை போட மாட்டேன், கழற்றிய பாகத்தை உறையில் போட்டு உடையவரிடமே கொடுத்துவிடுவேன், நாளைக்கு ஒருவர் பழையபடி வேண்டும் என்றால் வழி இருக்க வேண்டும். இதே மாதிரி, நாடா ஓடும்போது எதிரொலியின் சுருதியில் வரும் மெல்லிய அலைவை முழுக்க எடுத்துவிடச் சொல்கிறவர்களிடமும் முடியாது என்றே சொல்கிறேன். குரலுக்குப் பின்னால் இன்னொரு ஆள் நின்று பாடுவது போலக் கேட்பது அதனால்தான்.

சரி, முக்கியமான ஒன்று. ஜப்பானில் விற்ற பெட்டிகள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் வீட்டுப் பிளக்கில் 230. ஒரு தம்பி ஆசையாக வரவழைத்து, பின்பக்கம் எழுதியிருப்பதைப் பார்க்காமல் செருகிவிட்டார், டிரான்ஸ்பார்மர் கருகிய வாசனை இரண்டு நாள் பெட்டியை விட்டுப் போகவில்லை. நல்ல வேளை, ஹெட்டுகளும் மோட்டாரும் தப்பித்தன. இந்த முறை 230-க்கே காயில் கட்டிப் போட்டிருக்கிறேன், இன்று சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.