மீர் பங்கு போட்டது நிலத்தையா, வரியையா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ரஷ்ய உழவரின் ‘மீர்’ என்ற ஊர்ச்சபை அவர்களுக்குக் காவலா, விலங்கா என்பது தலைப்பு. விலங்குதான் என்கிறது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய நண்பர், "ஆள் கணக்குப் பார்த்து நிலத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்ட ஊர்" என்று உருகினார். பிரித்தார்கள், மறுக்கவில்லை. எதற்காக என்பதை மட்டும் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார்!

1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது. நிலம் சும்மா வரவில்லை. நிலப்பிரபுவுக்கு விலையின் பெரும்பகுதியை அரசு கொடுத்துவிட்டு, அதை உழவர் மேல் கடனாக ஏற்றியது. 100 ரூபிள் கடனுக்கு ஆண்டுக்கு 6 ரூபிள், 49 ஆண்டுகள். பெருக்கிப் பாருங்கள்: 294 ரூபிள். இந்தத் தவணைக்கும் தலைவரிக்கும் ஊர் முழுவதும் கூட்டுப் பொறுப்பு. ஒருவர் கட்டாவிட்டால் பாக்கி அடுத்த வீட்டுக்காரர் மேல் விழும். அதனால்தான் ஆண்கள் அதிகமுள்ள வீட்டுக்கு அதிக நிலம்; வரியையும் அந்த வீடு சுமக்கட்டும் என்று. மண் மோசமான வடக்கே நிலத்தின் வருமானத்தைவிடத் தவணை பெரிது. அங்கே "எனக்குப் பங்கே வேண்டாம்" என்றவர் தலையிலும் பங்கைக் கட்டினார்கள். இதுவா ஐயா சமத்துவம்?

சரி, பிரித்த விதத்தையாவது பார்ப்போம். மூன்று பெரிய வயல்கள்: ஒன்றில் குளிர்காலக் கம்பு, ஒன்றில் வசந்தகால ஓட்ஸ், ஒன்று தரிசு. ஒவ்வொன்றையும் மண்ணின் தரம், ஊரிலிருந்து தூரம் பார்த்துத் துண்டுகளாக்கி, துண்டுக்குள் வீட்டுக்கொரு கீற்று, சீட்டுக் குலுக்கல். கடைசியில் ஒரு வீட்டுக்குப் பல திசைகளில் சிதறிய கீற்றுகள். சில கீற்றுகளில் பரம்பைக் குறுக்கே ஓட்டவே இடமில்லை. தொலைவிலுள்ள கீற்றுக்கு எரு போகாது. ஊர் நிலத்தை அவ்வப்போது திரும்பப் பிரிக்கும் மறுபங்கீட்டில் இன்னொருவர் கைக்குப் போகும் மண்ணுக்கு யார் வண்டி கட்டுவார்? ஒருவர் மட்டும் தீவனப்புல் விதைக்கவும் முடியாது. அறுவடை முடிந்ததும் ஊர் மாடுகள் மொத்தமும் தாள்களில் மேய இறங்கிவிடும்.

ஸ்ஹோத் என்ற சபைக் கூட்டத்தில் வாக்கு குடும்பத் தலைவருக்குத்தான். அவருடைய வளர்ந்த மகனுக்கு வாய்ப்பூட்டு. மறுபங்கீட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். (ஒரு வாளி வோத்காவுக்குக் கைகள் எப்படி உயரும் என்பதை எதிரணி வசதியாக மறந்துவிட்டது.) நகரத்துக்கு வேலைக்குப் போக பாஸ்போர்ட், அதாவது உள்நாட்டுப் பயண அனுமதிச் சீட்டு, வேண்டும், வரிபாக்கி இருந்தால் அது கிடைப்பது கடினம். பாக்கிக்காரரையோ அவர் வீட்டாரையோ வெளியூரில் கூலிக்கு அனுப்பி, அந்தக் கூலியை ஊர்க் கணக்கில் வாங்கவும் 1861 சட்டமே இடம் கொடுத்தது!

கூட்டுப் பொறுப்பு 1903இல் நீங்கியது. 1906 நவம்பர் 9 ஆணை, தன் பங்கைச் சொந்தமாக்கிக்கொண்டு வெளியேறும் உரிமையைக் கொடுத்தது. வெளியேறிய வீடுகளில் பெரும்பாலானவை ஊர்ச்சபையின் இசைவால் அல்ல, அரசு அதிகாரியிடம் போய்த்தான் அதைப் பெற்றன. காவல் காத்த சபை, கேட்டவருக்குக் கதவைத் திறக்க ஏன் மறுத்தது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடரட்டும், நடுவர் அவர்களே!