முதல் விளக்குக் கம்பம் வரை

(பெங்களூரு அல்சூரில் தமிழர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இடது கெண்டைக்காலில் வலி வந்தபோது சுளுக்கு என்றுதான் நினைத்தேன். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. சில்க் போர்டு நெரிசலில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், நடுவில் நாள் முழுக்க நாற்காலி. முதலில் பார்த்த மருத்துவரும் தசைப்பிடிப்பு என்றே மாத்திரை கொடுத்தார். அக்காதான் தையல் டேப்பை எடுத்து இரண்டு காலையும் அளந்தாள். இடது கால் 4 சென்டிமீட்டர் பருத்திருந்தது. மறுநாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டியது. காலில் உறைந்த ரத்தக்கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருப்பதை ஸ்கேனில் காட்டினார்கள்.

பிழைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

"நடந்தா கட்டி மறுபடி நகர்ந்துரும்" என்று அம்மா என்னை அசையவிடவில்லை. எனக்கும் அதே பயம். கழிப்பறைக்குக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். ராத்திரி கால் லேசாகச் சுண்டினால் போதும், தூக்கம் போய்விடும். இப்படிப் பயந்தவர்கள் நாங்கள் மட்டுமில்லை. ஒரு காலத்தில் மருத்துவமனைகளிலேயே இந்த நோயாளிகளை நாள்கணக்கில் படுக்க வைத்தார்கள். அப்புறம் ஆராய்ந்து பார்த்தபோது, உறைவைத் தடுக்கும் மருந்து எடுத்துக்கொண்டு நடமாடியவர்களுக்கு, படுத்திருந்தவர்களைவிட ஆபத்து கூடவில்லை என்று தெரிந்தது. என் மருத்துவர் இதைச் சொன்ன அன்றுதான் சுவரை விட்டேன்.

காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏற வேண்டுமே, யார் ஏற்றுவது? பெரும்பாலும் கெண்டைக்கால் தசைதான். ஒவ்வோர் அடிக்கும் அது இறுகி, உள்ளே ஓடும் சிரையைப் பிழிந்து, ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் சின்ன வால்வுகள் அதைத் திரும்ப இறங்க விடுவதில்லை. உட்கார்ந்தே இருந்தால் இந்தப் பம்பு ஓடாது. 1940இல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்கிடங்களில் இரவெல்லாம் சாய்வு நாற்காலியில் கிடந்தவர்களில் சிலர், குண்டு படாமலேயே, ரத்தக்கட்டி போய் அடைக்கும் நுரையீரல் அடைப்பில் இறந்தார்கள். நாற்காலியின் விளிம்பு தொடைக்கடியில் அழுத்தியதுதான் காரணமாக இருக்கும் என்று அப்போதே மருத்துவர்கள் எழுதினார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து அலுவலகத்தில் மணிக்கொரு தடவை எழுந்துவிடுகிறேன். பஸ்ஸில் நெரிசலில் மாட்டினால் குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டே இருப்பேன்.

முதல் நாள் வாசல் கேட் வரைதான் போனேன். மூன்றாம் நாள் தெருமுனை விளக்குக் கம்பம். அங்கே மூச்சு வாங்கியது, நின்றேன், திரும்பிவிட்டேன். வாரம் ஒரு கம்பம் கூடியது. நுரையீரல் அடைப்பு வந்தவர்களுக்கு மாதக்கணக்கில் இளைப்பு இருக்கலாம், அதற்காக மனம் விடாதீர்கள். உறைவைத் தடுக்கும் மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை, வளராமல் தடுக்கிறது. கரைக்கிற வேலையை உடம்பே மெல்லச் செய்கிறது, அதற்கு நாள் பிடிக்கும். கால் நன்றாயிருக்கிறது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த மாத்திரை சாப்பிடும்வரை ரத்தக்கசிவு எளிதில் வரும். ஆகவே விழுந்து அடிபடக்கூடிய விளையாட்டுகள் வேண்டாம், நடையே போதும். எவ்வளவு நடக்கலாம் என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். திடீரென்று மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஐந்தாவது மாதம் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை வரை நிற்காமல் போனேன். அம்மாவும் கூட வந்தார். சிலையடியில் உட்கார இடம் தேடியது அவர்தான், நான் இல்லை.

இப்போது எங்கள் தெருவில் ஓர் அம்மா, இடுப்பு அறுவைக்குப் பிறகு காலில் கட்டி வந்து தேறியவர், காலையில் என்னோடு நடக்கிறார். நேற்று இரண்டாவது கம்பத்தில் நின்று, "தம்பி, இன்னும் ஒண்ணு போகலாமா?" என்று கேட்டார். மெதுவாகப் போனோம்.