இரண்டு மெகாபைட் சுவர்: பழைய சேமிப்புப் பெட்டியில் லினக்ஸ்

வணக்கம் நண்பர்களே. மேசைமேல் இருப்பது க்யூநாப் டிஎஸ்-219பி. இரண்டு ஹார்ட் டிஸ்க் போடக்கூடிய வீட்டுச் சேமிப்புப் பெட்டி. எங்கள் வீட்டுப் புகைப்படங்கள் முழுவதும் பல ஆண்டுகளாக இதற்குள்தான் இருந்தன. இன்று இதைப் பிரித்து, இதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் எழுந்து நிற்கும்வரை உங்களுடன் இருக்கப் போகிறேன்.

இந்த மாதிரிப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். போட வேண்டாம். ஆனால் பழைய மென்பொருளுடனே இணையத்தில் விட்டுவைக்கவும் வேண்டாம். 2021 ஜூன் மாதம் மை புக் லைவ் என்ற வீட்டுச் சேமிப்புக் கருவிகள் பலவற்றை எவரோ தொலைவிலிருந்தே துடைத்துப் போட்டார்கள். அந்தக் கருவிக்கு 2015க்குப் பிறகு மென்பொருள் புதுப்பிப்பே வரவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் பிள்ளைகளின் படங்கள் இருந்த கோப்புறை காலி. அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் இந்தப் பெட்டியைப் பற்றி நான் தீவிரமாக யோசிக்க ஆரம்பித்தேன்.

உள்ளே இருப்பது ஒரு முழுக் கணினி. மார்வெல் நிறுவனத்தின் கிர்க்வுட் வகைச் சில்லு, 1.2 கிகாஹெர்ட்ஸ். 512 மெகாபைட் நினைவகம். இந்த மூலையில் விரல் நகம் அளவில் ஒரு கறுப்புச் சில்லு தெரிகிறதா? கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். அதுதான் ஃபிளாஷ், மின்சாரம் போனாலும் அழியாத சேமிப்பு, மொத்தமே 16 மெகாபைட். ஹார்ட் டிஸ்க் எத்தனை டெராபைட்டாக இருந்தாலும், மின்சாரம் வந்தவுடன் பெட்டி முதலில் படிப்பது இந்த 16 மெகாபைட்டைத்தான். இன்றைய வேலை முழுவதும் இங்கேதான் நடக்கப்போகிறது.

அதை ஒரு வீட்டுமனை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசலில் அரை மெகாபைட், அங்கே பெட்டியை எழுப்பிவிடும் நிரலான பூட்லோடர் குடியிருக்கிறது, அதன் பெயர் யூ-பூட். அடுத்த கால் மெகாபைட்டில் அதன் அமைப்புகள். அதையடுத்து ஒன்றேகால் மெகாபைட், பெட்டியின் சொந்த விவரங்கள்; நெட்வொர்க் முகவரியும் இதில்தான் இருக்கிறது. பிறகு லினக்ஸின் மையமான கெர்னலுக்கு 2 மெகாபைட், எழும்போது கெர்னலுக்குத் தேவையான கோப்புகள் இருக்கும் ராம்டிஸ்க்குக்கு 9 மெகாபைட், கடைசியில் இன்னொரு 3 மெகாபைட். கூட்டிப் பாருங்கள், சரியாக 16 வரும். ஓர் அங்குலம் மிச்சமில்லாமல் வேலி போட்டிருக்கிறார்கள்.

இந்த வேலிதான் இன்றைய கதை. டெபியன் இந்தப் பெட்டியைப் பல ஆண்டுகள் அருமையாக ஆதரித்தது. ஒரு சிறு நிரலை ஓட்டினால் டெபியனின் நிறுவல் நிரலே ஃபிளாஷில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெட்டியை மறுபடி இயக்கி, வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு முறை வழியே நுழைந்து நிறுவலை முடிக்கலாம். திரையோ விசைப்பலகையோ தேவைப்படவில்லை. அந்த வழி பிறகு அடைபட்டது. கெர்னல் வளர்ந்து வளர்ந்து 2 மெகாபைட் வேலியைத் தாண்டிவிட்டது. 2021இல் வந்த டெபியன் 11இல் இந்தப் பெட்டிக்கான ஆதரவு இல்லை. சில்லு தேய்ந்துவிடவில்லை, நினைவகம் போதாமலும் இல்லை. மனையில் ஓர் அறை சிறியதாகிவிட்டது, அவ்வளவுதான். "ஆதரவு இல்லை" என்ற இரண்டு சொற்களைப் பார்த்ததும் பெட்டியைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இந்தக் காரணத்தை யாராவது அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குவோம். முதல் வேலை பிரதி எடுப்பது. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை வேறிடத்தில் நகலெடுத்து, நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். பிறகு, பழைய மென்பொருள் உயிரோடு இருக்கும்போதே எஸ்எஸ்எச் வழியே உள்ளே போய், ஃபிளாஷின் ஆறு பகுதிகளையும் ஆறு கோப்புகளாக எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். இரண்டு நகலும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒருமுறை நான் இதைச் செய்யவில்லை. அது வேறொரு பெட்டி. இதே கிர்க்வுட் சில்லுதான். இரவு பதினொரு மணிக்கு, பூட்லோடர் இருக்க வேண்டிய இடத்தில் கெர்னல் கோப்பை எழுதிவிட்டேன். மறுபடி மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரிகிறது, வேறு அசைவே இல்லை. அதில் எங்கள் பாட்டியின் குரல் பதிவுகள் இருந்தன. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் படித்துவிடலாம் என்று அறிவுக்குத் தெரியும், ஆனாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் கேடபிள்யூ-பூட் என்ற கருவியைக் கண்டுகொண்டேன். கிர்க்வுட் சில்லுக்குள்ளேயே அழிக்க முடியாத சிறு நிரல் ஒன்று இருக்கிறது. மின்சாரம் கொடுக்கும் அந்தக் கணத்தில் சீரியல் வயர் வழியே, அதாவது பெட்டியின் பலகையை நேராகக் கணினியோடு இணைக்கும் வயர் வழியே, கூப்பிட்டால், பூட்லோடரை அந்த வயர் வழியாகவே வாங்கிக்கொள்ளும். அரை மெகாபைட் போவதற்கு ஒரு நிமிடம் ஆனது. திரையில் சதவீதம் ஒவ்வொன்றாக ஏறுவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பெட்டி எழுந்தது. ஆனால் எல்லாச் சில்லும் இப்படிக் காது கொடுக்காது. அதனால்தான் பிரதி, பிரதி என்கிறேன்.

அந்தச் சீரியல் வயர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கடையில் கேட்கும்போது 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் வயர் என்று சொல்லிக் கேளுங்கள். பழைய கணினிகளின் பின்னால் இருக்கும் பெரிய சீரியல் இணைப்பை நேரடியாகக் கொடுத்தால் அதன் மின்னழுத்தம் சில்லைக் கருக்கிவிடும். பலகையில் இதோ நான்கு ஊசிகள். தரை வயரை முதலில் மாட்டுகிறேன். அனுப்பும் ஊசி என் வயரின் வாங்கும் முனைக்கு, வாங்கும் ஊசி அனுப்பும் முனைக்கு. நான்காவது மின்சார ஊசி, அதைத் தொடவே வேண்டாம். கணினியில் வேகத்தை 115200 என்று வைக்கிறேன். பெட்டியின் பொத்தானை அழுத்துகிறேன்.

பாருங்கள், பேச ஆரம்பித்துவிட்டது. இத்தனை ஆண்டுகளும் ஒவ்வொரு முறை எழும்போதும் இது இப்படிப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. திரையில் ஒன்றுமே வரவில்லையென்றால் பயப்படாதீர்கள், அனுப்பும் வாங்கும் வயர்களை இடம் மாற்றிப் பாருங்கள்.

யூ-பூட் காத்திருக்கும் எண்ணிக்கை முடிவதற்குள் ஒரு விசையைத் தட்டி நிறுத்திவிட்டேன். இப்போது யூ-பூட்டிடம் அதன் அமைப்புகளைக் காட்டச் சொல்கிறேன். இந்த ஒரு வரியை நிதானமாகப் படியுங்கள், பெட்டி எப்படி எழுகிறது என்பது முழுவதும் இதற்குள் இருக்கிறது. ஃபிளாஷில் கெர்னல் இருக்கும் 2 மெகாபைட்டை எடுத்து, நினைவகத்தின் 8ஆம் மெகாபைட்டில் வை. ராம்டிஸ்க்கின் 9 மெகாபைட்டை எடுத்து, 10ஆம் மெகாபைட்டில் வை. பிறகு 8ஆம் மெகாபைட்டுக்குத் தாவு. எட்டுக்கும் பத்துக்கும் நடுவே இரண்டுதான். ஃபிளாஷில் இருந்த அதே சுவர் நினைவகத்திலும் நிற்கிறது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஃபிளாஷில் வேலியை நகர்த்திவிட்டு நினைவகத்தை மறந்துவிடுவார்கள். ராம்டிஸ்க் வந்து கெர்னலின் வால்மேல் உட்கார்ந்துவிடும். பெட்டி எழாது, காரணமும் தெரியாது.

நான் செய்வது இது. கெர்னல், ராம்டிஸ்க், கடைசி 3 மெகாபைட் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து இருப்பதால், சேர்ந்தால் 14 மெகாபைட் ஒரே பரப்பு. அதைக் கெர்னலுக்கு 4, ராம்டிஸ்க்குக்கு 10 என்று இரண்டாகப் பிரிக்கிறேன். நினைவகத்தில் கெர்னல் பழையபடி 8ஆம் மெகாபைட்டிலேயே இருக்கட்டும், ராம்டிஸ்க் 12க்குப் போகட்டும். ராம்டிஸ்க் எங்கே, எவ்வளவு என்று கெர்னலுக்குச் சொல்லும் வரியிலும் இதே மாற்றம் வேண்டும். புதிய வேலிகளையும் அதே வரியில் சொல்லிவிடுகிறேன். ஆனால் பகுதிகளின் பெயர்களை மாற்றவில்லை. டெபியனின் ஃபிளாஷ்-கெர்னல் என்ற நிரல் பெயரைப் பார்த்துத்தான் எழுதும். எழுதுவதற்கு முன்னால் கோப்புகளின் அளவைப் பாருங்கள். ராம்டிஸ்க் பெரிதாக இருந்தால், இந்தப் பெட்டிக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் வைத்து மறுபடி உருவாக்குங்கள், நன்றாகவே இளைத்துவிடும்.

இன்னொரு நுணுக்கம். இந்த யூ-பூட் பழையது, டிவைஸ் ட்ரீ என்ற ஒன்று இருப்பதே இதற்குத் தெரியாது. பெட்டியில் எந்தெந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் வரைபடம் அது. அதனால் வரைபடத்தைக் கெர்னலின் வாலில் ஒட்டி, இரண்டையும் ஒரே கோப்பாக்கிக் கொடுக்க வேண்டும். டிஎஸ்-219 குடும்பத்துக்கு இரண்டு வரைபடங்கள் உண்டு, ஒன்று கிர்க்வுட் 6281 சில்லுக்கு, மற்றொன்று 6282க்கு. என் பெட்டியில் இருப்பது 6281. மாற்றி ஒட்டினால் கெர்னல் எழும், நெட்வொர்க் எழாது, ஏனென்றால் நெட்வொர்க் சில்லின் முகவரி இரண்டிலும் வேறு. திரையில்லாத பெட்டியில் நெட்வொர்க்கும் இல்லையென்றால், சீரியல் வயர் இல்லாதவர் பெட்டி செத்துவிட்டது என்றே நினைப்பார்.

டிஸ்க்கை ஏற்கெனவே தயார் செய்துவிட்டேன். வேறொரு கணினியில் மாட்டி, டிபூட்ஸ்ட்ராப் என்ற நிறுவல் கருவி வழியாக டெபியன் 12ஐ இறக்கினேன். அதில் சிக்கல் ஒன்றும் இல்லை.

இப்போது சோதனை. ஃபிளாஷில் இன்னும் ஒரு பைட்கூட எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். கெர்னலையும் ராம்டிஸ்க்கையும் என் கணினியிலிருந்து டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை வழியாக, நேராக நினைவகத்துக்கு ஏற்றுகிறேன். தவறாகப் போனால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம், பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. இந்த ஒத்திகை பார்க்காமல் ஃபிளாஷில் கை வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பதறுகிறது.

கட்டளை கொடுத்தாயிற்று. வரிகள் ஓடுகின்றன. ஃபிளாஷ் பகுதிகள் புதிய அளவில் வருகின்றன, 4, 10. டிஸ்க் தெரிகிறது. நெட்வொர்க் ஒரு கிகாபிட். இதோ, உள்நுழையச் சொல்லிக் கேட்கிறது.

இனித்தான் ஃபிளாஷில் எழுதப்போகிறேன். பெட்டி இப்போது யூபிஎஸ்ஸில் இருக்கிறது, இந்த இரண்டு நிமிடங்களில் மின்சாரம் போகக்கூடாது. அழிக்கிறது, எழுதுகிறது, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கிறது. மூன்றும் நூறு சதவீதம். முன்வாசலின் அரை மெகாபைட்டை நான் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள். யூ-பூட் அமைப்புகளை முதலில் சேமிக்காமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். எழுந்தது. இப்போது சேமிக்கிறேன்.

ஒன்று கவனித்தீர்களா? லினக்ஸ் முழுதாக எழுந்துவிட்டது, ஆனால் முன்பக்க விளக்கு இன்னும் சிவப்பும் பச்சையுமாக மாறி மாறிக் கண் சிமிட்டுகிறது. விசிறியும் ஒரே வேகத்தில் இரைகிறது. விளக்கு, விசிறி, பீப் ஒலி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது பலகையில் தனியாக இருக்கும் ஒரு குட்டிச் சில்லு. எழுந்துவிட்டேன் என்று யாராவது அதனிடம் சொல்ல வேண்டும். டெபியனில் அதற்கு க்யூகண்ட்ரோல் என்ற நிரல் உண்டு. நிறுவி, இயக்குகிறேன். விளக்கு பச்சையில் நின்றுவிட்டது. விசிறியைக் கேளுங்கள், இறங்குகிறது. இன்னும் இறங்குகிறது. இந்த ஓசை அடங்கும் நேரம் எனக்கு மிகவும் பிடித்த நேரம்.

இனி இதனால் என்ன முடியும் என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் படங்கள், பாட்டுகள், இரவு நேரக் காப்புப் பிரதி எல்லாம் தாராளமாகச் செய்யலாம். டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் செய்தால் இந்தச் சில்லு திணறும். எஸ்எஸ்எச் வழியே பெரிய கோப்பு அனுப்பினாலும் மெதுவாகத்தான் போகும், அதற்கு வீட்டுக்குள் கோப்பு பகிரும் சாம்பாவோ என்எஃப்எஸ்ஸோ வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் இந்தச் சில்லு வகைக்கு நிறுவல் நிரலே கிடையாது. ஆகவே நான் இதை ரூட்டருக்கு வெளியே தெரியும்படி வைக்கப்போவதில்லை. எந்தப் போர்ட்டையும் திறந்துவிடவில்லை. வீட்டுக்குள் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கட்டும்.

மூடுவதற்கு முன் ஒரு வேலை. சீரியல் வயரைச் சுருட்டி உள்ளே டிஸ்க் தட்டுக்குப் பக்கத்தில், விசிறிக்கு எட்டாத இடத்தில், ஒட்டுநாடாவால் ஒட்டுகிறேன். மூடியின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு. ஊசிகளின் வரிசை, 115200, கெர்னல் 8இல், ராம்டிஸ்க் 12இல், ஆறு கோப்புகள் எங்கே இருக்கின்றன, இன்றைய தேதி. அடுத்து இதைத் திறப்பது என் மகளாக இருக்கலாம்.

நான்கு ஸ்க்ரூவும் போட்டாயிற்று. உங்களிடம் இருப்பது எந்தப் பெட்டி, சீரியல் வயரில் என்ன வரி வந்தது என்று கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன். வணக்கம்.