வட்டப் பாதை ரயில்ல யார் ஏறுவாங்க? கட்டணத்தைக் கேளுங்க

[திரையில்: கோலாலம்பூர் ரயில் வரைபடம். ரெண்டு நிலையங்கள் மட்டும் ஒளிருது]

செத்தியாவங்சா, பண்டான் இண்டா. நேர்கோட்டுல அளந்தா ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ரயில்ல போகணும்னா கிளானா ஜெயா தடத்துல மஸ்ஜிட் ஜாமெக் வரைக்கும் உள்ளே வரணும். அங்க மாறி, அம்பாங் தடத்துல புடு, மலூரி எல்லாம் தாண்டி மறுபடி வெளியே போகணும். பக்கத்து ஊருக்குப் போக நகர மையத்தைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போற மாதிரி!

இந்தச் சுற்றலைத் தவிர்க்கத்தான் நகர மையத்தைச் சுத்தி வரப்போற எம்ஆர்டி 3 மெட்ரோ ரயிலோட வட்டப் பாதை. நீளம் சுமார் 51 கிலோமீட்டர். 2018-ல ரத்தாச்சு, 2022-ல அமைச்சரவை மறுபடி ஒப்புதல் குடுத்துச்சு. நாம பார்த்த ரெண்டு நிலையமும் அந்தத் திட்டத்துல இருக்கு. எந்த இடத்துல வீட்டு விலை ஏறும்னு பேச நிறைய பேர் இருக்காங்க. நாம டிக்கெட்டைப் பத்திப் பேசுவோம்.

[திரையில்: லண்டன் மண்டல வரைபடம்]

லண்டன்ல கட்டணம் மண்டலக் கணக்கு. நடுவுல மண்டலம் 1, அதைச் சுத்தி வளையம் வளையமா மத்த மண்டலங்கள். மண்டலம் 1-ஐத் தொட்டா காசு கூடும். அங்க ஓவர்கிரவுண்ட்ங்கிற நகர ரயிலோட சுற்றுப்பாதை 2012 டிசம்பர்ல முழுமையாச்சு. அதுல பெரும்பகுதி மண்டலம் 2. அதனால மையத்தைச் சுத்திப் போறவங்களுக்குக் காசு மிச்சம், மையத்துலயும் நெரிசல் குறையும்.

ஆனா நீங்க எந்த வழியா வந்தீங்கன்னு உங்க பயண அட்டைக்கு எப்படித் தெரியும்? ஹைபரி அண்ட் இஸ்லிங்டன் மாதிரி ரயில் மாறுற நிலையங்கள்ல இளஞ்சிவப்பு நிறத்துல ஒரு அட்டை வாசிப்பான் இருக்கும். அதுல தட்டினா காசு போகாது. "நான் இந்த வழியா வந்தேன்"னு பதிவு மட்டும் ஆகும். தட்ட மறந்தா மண்டலம் 1 வழியா வந்ததா கணக்காகி, கூடுதலா வெட்டிடலாம்.

இதுல ஒரு வேடிக்கை. அதே சுற்றுப்பாதையில ஷோரெடிச் ஹை ஸ்ட்ரீட்னு ஒரே ஒரு நிலையம் மண்டலம் 1-ல மாட்டிக்கிச்சு. அதைக் கடந்து போறவங்களுக்கு, அங்க இறங்காட்டியும் மண்டலம் 1 கட்டணம்தான். வரைபடத்துல ஒரு கோடு கொஞ்சம் தள்ளி விழுந்ததுக்கு அந்தப் பக்கத்துப் பயணிகள் காசு குடுக்கிறாங்க.

[திரையில்: ஒரு வட்டம், நடுவே விட்டம்]

நம்ம ஊர்ல மண்டலம் கிடையாது, தூரக் கணக்கு. இங்க கொஞ்சம் வடிவியல் வேணும். வட்டத்தோட எதிரெதிர் முனைகளுக்கு விளிம்பு வழியா போனா, நடுவுல போறதைவிட 1.57 மடங்கு தூரம். மையத்துக்குள்ள போய் வெளியே வர்றதோட ஒப்பிட்டா, வட்டத்துல மூணுல ஒரு பங்குக்கும் குறைவா போனாத்தான் விளிம்பு வழி குறுக்கு வழி. செத்தியாவங்சாவுல இருந்து பண்டான் இண்டாவுக்கு வட்டப் பாதை லாபம். வடக்கே தித்திவங்சாவுல இருந்து தெற்கே சாலாக் செலாத்தானுக்கு? ஸ்ரீ பெட்டாலிங் தடத்துல மாறாமலே போய் இறங்கலாம், யாரு சுத்திக்கிட்டுப் போவா? மண்டல முறையில, சுத்திப் போறவங்களுக்குச் சலுகையாவது இருக்கும். தூர முறையில அதுவும் இல்ல.

'ஆனா எங்கிட்ட மை50 பாஸ் இருக்கே'ன்னு சொல்வீங்க. சரிதான். 50 வெள்ளி (ரிங்கிட்), 30 நாள், எத்தனை தடவை வேணும்னாலும் ஏறலாம். அது கையில இருந்தா சுத்திப் போனா என்ன, நேரா போனா என்ன, பார்க்கிறது நேரம் மட்டும்தான். ஆனா அது குடிமக்களுக்கு மட்டும். பிரிக்பீல்ட்ஸ் உணவகத்துல வேலை செய்யுற தமிழ்நாட்டுத் தம்பிக்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் கணக்குதான்.

மை50 இருந்தாலும் ஒரு இடத்துல மாட்டிக்குவீங்க: கேடிஎம் கம்யூட்டர்ங்கிற புறநகர் ரயில். கேஎல் சென்ட்ரல் நிலையத்துல எல்ஆர்டி (இலகு ரயில்) வாசல்ல தட்டி வெளியே வந்து, கம்யூட்டர் வாசல்ல மறுபடி தட்டணும், தனிக் காசு. மை50 அங்க செல்லாது. என்னைக் கேட்டா, மண்டலமே இல்லாத நம்ம ஊர்ல உண்மையான மண்டல எல்லை அந்த ரெண்டாவது வாசல்தான். வட்டப் பாதையில பந்தாய் டாலாம் வரும்போது இதே கேள்வி எழும், ஏன்னா அங்க ஏற்கனவே கம்யூட்டர் நிலையம் இருக்கு. கட்டணப் பட்டியல் வெளியானா நான் முதல்ல தேடப் போறது, அங்க ரயில் மாற ஒரு தட்டா ரெண்டு தட்டாங்கிறதைத்தான்.