கயிறு இழுப்பது கை மட்டுமல்ல

வணக்கமுங்க. முதுகு என்றதும் நமக்கு இடுப்புப் பிடிப்புதான் ஞாபகம் வரும், எண்ணெய் தேய்ப்பதும் அங்கேதான். நான் பேச வந்தது அதற்குச் சற்று மேலே, பக்கவாட்டில் கிடக்கும் தசையைப் பற்றி. லாட்டிசிமஸ் டார்சை என்று பெயர், லத்தீனில் முதுகிலேயே அகலமானது என்று அர்த்தம்.

வலது கையால் இடது அக்குளின் பின்பக்க மடிப்பைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை இருமிப் பாருங்கள். விரலுக்குள் வெடுக்கென்று இறுகுகிறதா? அதுதான். (வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள்.)

காங்கேயம் பக்கம் எங்கள் அம்மிச்சி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எங்கேயோ பாதாளத்தில் கிடக்கும். பள்ளிக்கூட லீவுக்குப் போனால் நானும் சேந்துவேன் என்று அடம்பிடிப்பேன், நாலு இழுப்பில் முழங்கை நடுங்கும், குடம் கிணற்றுச் சுவரில் டங்கு டங்கென்று இடிக்கும், பாதித் தண்ணீர் உள்ளேயே போய்விடும். அம்மிச்சி கயிற்றை வாங்கிக்கொண்டு, "கையில இழுக்காத சாமி, முதுகுல இழு" என்பார். அவர் இழுத்தால் குடம் ஒரு இடிகூட இடிக்காமல் மேலே வரும். பிசியோதெரபி படிக்கப் போன பிறகுதான் அது எவ்வளவு சரி என்று புரிந்தது.

முதுகெலும்பின் நடுவிலிருந்து இடுப்பெலும்பு வரைக்கும், கீழ் விலா எலும்புகளிலும் விசிறி மாதிரி பரந்து தொடங்குகிற தசை இது. மேலே போகப் போகக் குறுகி, பிழிகிற துண்டு மாதிரி ஒரு முறுக்கு முறுக்கி, அக்குளைச் சுற்றி வந்து மேற்கை எலும்பின் முன்பக்கம் ஒட்டுகிறது. கயிற்றைப் பிடிக்கத் தூக்கிய கையைக் கீழேயும் பின்னாலேயும் கொண்டுவர வேண்டுமே, அந்த வேலையில் பெரும்பங்கு இதற்குத்தான். முழங்கையை மடக்குகிற தசை இதற்கு முன்னால் பொடியன். மறுபடி சொல்கிறேன், இழுப்பு முதுகில் இருக்கிறது.

பொள்ளாச்சியில் கயிறும் தளையும் போட்டுத் தென்னை ஏறுகிறவரைப் பாருங்கள். கை மரத்தைப் பிடித்து நின்றுவிடும், உடம்பு மேலே போகும். அதே தசைதான், இழுபடுவது மட்டும் மாறிவிட்டது.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். ஊன்றுகோலில் நடப்பவர் உடம்பைத் தூக்குவதும் இதை வைத்துத்தான், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்தவர்களுக்கு இந்தத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து புது மார்பு அமைக்கிறார்கள், அதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன். சரி, நேரமில்லை. வரேனுங்க.