குழந்தைக் கதைகளை ஏன் பெரியவர்கள் படமாக எடுக்கிறார்கள்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வியை ஓர் அம்மா அனுப்பியிருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கேள்வியை மட்டும் படிக்கிறேன். "என் மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆஞ்சலா கார்ட்டர் எழுதிய 'தி கம்பெனி ஆஃப் வுல்வ்ஸ்' பாடத்தில் இருக்கிறது. படத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சிவப்புத் தொப்பிச் சிறுமியும் ஓநாயும் வரும் சின்னப் பிள்ளைகள் கதைதானே என்று நினைத்தேன். பார்த்தால் வயதுவந்தோருக்கான படம் என்று போட்டிருக்கிறது. இன்னும் தேடினால் ஆலிஸ், சிண்ட்ரெல்லா பெயர்களில்கூட ஆபாசப் படங்கள் வருகின்றன. குழந்தைகள் கதையை ஏன் இப்படிக் கெடுக்கிறார்கள்? மகளைப் பார்க்க விடலாமா?"

அம்மா, முதலில் ஒன்று. நீங்கள் தேடியபோது வந்தவை எல்லாம் ஒரே வகைப் படங்கள் இல்லை. உங்கள் மகளின் பாடத்தில் இருப்பது ஒரு வகை, ஆலிஸ் பெயரில் வந்தது முற்றிலும் வேறு வகை. தேடல் பட்டியலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் உங்கள் கவலையில் பாதி குறைந்துவிடும். மீதிப் பாதி நியாயமான கவலைதான். அதற்கும் வருகிறேன்.

'கெடுக்கிறார்கள்' என்று கேட்டீர்கள். சிவப்புத் தொப்பிக் கதை முதலில் குழந்தைகளுக்கான கதையாகவே இருக்கவில்லை. அச்சில் நமக்குக் கிடைக்கும் பழைய பிரபலமான வடிவம் 1697இல் பிரான்சில் ஷார்ல் பெரோ வெளியிட்டது. அவர் பதினான்காம் லூயி மன்னர் காலத்துப் பெரிய மனிதர், பிரெஞ்சு அகாதெமியின் உறுப்பினர். அவருடைய கதையில் வேட்டைக்காரன் வந்து யாரையும் காப்பாற்றுவதில்லை. பாட்டியையும் தின்று பேத்தியையும் தின்றுவிட்டு ஓநாய் கதையை முடித்துவிடுகிறது. கீழே பெரோ ஒரு நீதிப் பாடல் எழுதி வைத்தார். இளம்பெண்கள் கண்டவர் பேச்சைக் கேட்கக் கூடாது, ஓநாய்களில் பல வகை உண்டு, சத்தம் போடாமல் இனிமையாகப் பேசி வீடு வரைக்கும் பின்னாலேயே வருகிற சாதுவான ஓநாய்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பது அதன் சாரம். காட்டு விலங்கைப் பற்றியா பேசுகிறார்? அரண்மனை வட்டாரத்தில் பட்டுச் சட்டை போட்டுத் திரிந்த ஆண்களைப் பற்றித்தான் பேசுகிறார். கேட்டவர்களுக்கும் அது புரிந்திருக்கும்.

அதற்குப் பின்னால் கிராமத்து வாய்மொழி வடிவம் ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிரான்சின் நிவெர்னே பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதிவு செய்யப்பட்டு, பிறகு பால் தெலாரு என்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளரால் உலகத்துக்குத் தெரியவந்தது. அதில் சிவப்புத் தொப்பி கிடையாது. காட்டில் வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஓநாய் மனிதன் அந்தப் பெண்ணிடம் கேட்கிறான்: ஊசிப் பாதையா, குண்டூசிப் பாதையா, எதில் போகிறாய்? நமக்கு இது விளங்காத விடுகதை மாதிரி இருக்கும். இவோன் வெர்தியே என்ற பிரெஞ்சு இனவரைவியலாளர் இதற்கு அருமையான விளக்கம் கொடுத்தார். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெண்பிள்ளைகள் பருவம் எய்தும் வயதில் ஒரு பனிக்காலம் முழுவதும் தையற்காரியிடம் போய் இருப்பார்கள். தையல் மட்டும் கற்றுக்கொள்ள இல்லை. தலை வாருவது, உடுத்துவது, பெரிய பெண்ணாக நடந்துகொள்வது எல்லாவற்றுக்கும் அதுதான் பள்ளிக்கூடம். ஆக, ஊசியும் குண்டூசியும் என்று கேட்டால் அந்தக் கிராமத்துப் பெண்களுக்குச் சட்டென்று புரியும்: இது பெரியவளாகப் போகிற பெண்ணின் கதை.

முடிவைக் கேளுங்கள். பாட்டி வேடத்தில் கட்டிலில் படுத்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. வெளியே போக வேண்டும், அவசரம் என்கிறாள். அவன் நம்பாமல் அவள் காலில் ஒரு கயிற்றைக் கட்டி அனுப்புகிறான். அவள் வாசலுக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து முற்றத்தில் இருக்கும் பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். யாரும் காப்பாற்ற வரவில்லை. அவள் புத்தி அவளைக் காப்பாற்றியது. இந்தப் பெண்ணைத்தான் பெரோ ஓநாய்க்கு இரையாக்கினார். 1812இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வேட்டைக்காரனைக் கொண்டுவந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளை வெளியே எடுத்தார்கள். தப்பித்தாள், சரி. ஆனால் தப்பிக்கும் வேலை அவள் கையை விட்டுப் போய்விட்டது. என்னைக் கேட்டால், கெடுத்தது என்று ஒன்று நடந்திருந்தால் அது இங்கேதான் நடந்தது.

கிரிம் சகோதரர்கள் செய்த இன்னொரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். கோபுரத்தில் அடைபட்டு, தன் நீளக் கூந்தலைக் கீழே விட்டு ஆட்களை மேலே ஏற்றும் ரபுன்செல் கதை; வளர்த்தவளுக்குத் தெரியாமல் ஓர் இளவரசனும் அப்படி ஏறி வருவான். 1812 பதிப்பில் அவள் தன்னை வளர்த்தவளிடம் வெள்ளந்தியாக, என் உடை ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகிறது என்று கேட்பாள். அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்பது வாசகருக்குப் புரியும், அவளுக்குப் புரியவில்லை. இது குழந்தைகள் படிக்கிற புத்தகமா என்று விமர்சனம் எழுந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் அந்த வரி போய்விட்டது. அதற்குப் பதில், இளவரசனை மேலே தூக்குவதைவிட உங்களைத் தூக்கும்போது ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று கேட்டு மாட்டிக்கொள்கிறாள். யாரும் எதுவும் சொல்லித் தராமல் பூட்டி வைத்த பெண்ணுக்கு என்ன ஆகும் என்பது முதல் வடிவத்தில் இருந்தது. இரண்டாவதில் அவள் வெறும் அசட்டுப் பெண்.

இப்போது ஆஞ்சலா கார்ட்டர். பெரோவின் கதைகளை 1977இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அவர். அந்த வேலை செய்த கையோடு, 1979இல் 'தி பிளடி சேம்பர்' தொகுப்பு வருகிறது. பாடத்தில் இருக்கிற கதை அதில்தான் இருக்கிறது. 1984இல் நீல் ஜோர்டன் இயக்கி, திரைக்கதையை இருவரும் சேர்ந்து எழுதிய படம் வந்தது. பிரிட்டனில் அதற்கு 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான சான்றிதழ். சான்றிதழைப் பார்த்தால் நாம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். படத்தில் ஆபாசம் கிடையாது, பயங்கரம் உண்டு. மனிதன் தன் தோலைத் தானே உரித்து ஓநாயாக மாறுவது, வெட்டுண்ட தலை பால் தொட்டியில் விழுவது, இப்படி. மனம் திடமில்லாதவர்கள் பார்க்கச் சிரமப்படுவார்கள். பெரியவளாவதைப் பற்றிய விஷயம் முழுக்க உருவகமாகவே வருகிறது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். கதாநாயகி ரோசலீன் துரத்தி வரும் ஒரு பையனிடமிருந்து விலகி ஓடி, பெரிய மரத்தில் ஏறிவிடுகிறாள். உச்சியில் ஒரு பறவைக் கூடு. அதில் முட்டைகளோடு ஒரு கைக்கண்ணாடியும் உதட்டுச்சாயமும் கிடக்கின்றன. கண்ணாடியில் பார்த்துச் சாயத்தைப் பூசிக்கொள்கிறாள். முட்டைகள் விரிகின்றன. உள்ளே குஞ்சுகள் இல்லை, சின்னஞ்சிறு குழந்தைச் சிலைகள். ஒன்றை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடி வந்து காட்டுகிறாள். அந்தச் சிலையின் கண்ணில் நீர் வழிகிறது. அவ்வளவுதான் காட்சி. அழகு, ஆசை, தாய்மை, பயம், அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்ற தவிப்பு எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. எதையும் வெளிப்படையாகக் காட்டத் தேவையே படவில்லை.

இந்தப் படத்தில் பாட்டி ஒரு கட்சி, அம்மா ஒரு கட்சி. பாட்டி சொல்வது பெரோவின் பாடம்: பாதையை விட்டு விலகாதே, புருவம் சேர்ந்த ஆண்களை நம்பாதே. அம்மா வேறு மாதிரி. ஆணுக்குள் மிருகம் இருந்தால் அதற்கு ஈடுகொடுக்கிற ஒன்று பெண்ணுக்குள்ளும் இருக்கிறது என்கிறாள். பயத்தை மட்டும் சொல்லிக்கொடுக்கிற பாட்டியின் கையில் கதை இருந்ததை, மகளிடம் பேசத் தெரிந்த அம்மாவின் கைக்குக் கார்ட்டர் கொண்டுவந்தார். பிளம் மரத்தில் கயிற்றைக் கட்டிய பெண் முந்நூறு வருடம் கழித்து வீடு திரும்பினாள் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, லூயிஸ் கரோலின் அற்புத உலகத்து ஆலிஸுக்கு வருவோம். நீங்கள் பார்த்துப் பதறியது 1976இல் அமெரிக்காவில் பட் டவுன்சென்ட் இயக்கிய படமாக இருக்கும். அது பாட்டுகளோடு வந்த ஆபாசப் படம். அதில் ஆலிஸ் நூலகத்தில் வேலை பார்க்கும் வயதுவந்த பெண். புத்தகம் படித்துக்கொண்டே தூங்கி, கனவில் முயலைப் பின்தொடர்கிறாள். அடுத்த ஆண்டே சிண்ட்ரெல்லா பெயரிலும் ஒன்று வந்தது. ஏன் அந்த நேரத்தில்? அமெரிக்காவில் 1934 முதல் கறாராக இருந்த திரைப்பட ஒழுக்க விதிகள் 1968இல் போய், எந்த வயதினர் பார்க்கலாம் என்று படங்களுக்குக் குறியீடு போடும் முறை வந்தது. அதில் வயதுவந்தோருக்கு மட்டும் என்று சொல்லும் 'எக்ஸ்' குறியீட்டுக்கு மட்டும் யாரும் வணிகமுத்திரை உரிமை பதிவு செய்யவில்லை. யார் வேண்டுமானாலும் தங்கள் படத்துக்குத் தாங்களே எக்ஸ் போட்டுக்கொள்ளலாம். 1972க்குப் பிறகு அப்படிப்பட்ட படங்கள் சாதாரணத் திரையரங்குகளிலேயே வசூல் செய்தன. அவற்றை எடுப்பவர்களுக்கு எல்லோருக்கும் தெரிந்த கதை வேண்டும், காசு கொடுத்து உரிமை வாங்கக் கூடாது. ஆலிஸ் 1865இல் வந்த புத்தகம். பிரிட்டனிலேயே 1907இல் காப்புரிமை முடிந்துவிட்டது. கேட்க ஆள் இல்லாத சொத்து.

இதே கணக்கு இன்றும் ஓடுகிறது. வின்னி தி பூ என்ற குழந்தைக் கதைக் கரடியின் முதல் புத்தகத்துக்கு அமெரிக்காவில் 2022 ஜனவரியில் காப்புரிமை முடிந்தது; 2023இல் அந்தக் கரடியைக் கொலைகாரனாக்கி ஒரு திகில் படம் வந்துவிட்டது. மாறாக, பீட்டர் பேன் என்ற குழந்தைக் கதையின் உரிமையை அதை எழுதிய ஜே.எம். பேரி 1929இல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார். காப்புரிமை முடிந்த பிறகும் அந்த மருத்துவமனைக்கு உரிமைத்தொகை தொடர்ந்து கிடைக்க 1988இல் பிரிட்டன் தனியாகச் சட்டமே செய்தது. மனதுக்கு நிறைவான ஏற்பாடு அது.

1976 படத்தைப் பற்றி என் வருத்தம் அதன் ஆபாசத்தோடு நிற்கவில்லை. வளர்வதைப் பற்றி ஆலிஸ் புத்தகத்தில் இல்லாததா? ஏழு வயதுப் பிள்ளை ஒரே நாளில் நீள்கிறாள், குறுகுகிறாள், கழுத்து மரத்துக்கு மேலே போகிறது, புறா அவளைப் பாம்பு என்று திட்டுகிறது. நீ யார் என்று கம்பளிப்புழு கேட்கும்போது, காலையில் எழுந்தபோது யாராக இருந்தேன் என்று தெரியும், அதற்குப் பிறகு பலமுறை மாறிவிட்டேன் என்கிறாள். தன் உடம்பே தனக்குப் பிடிபடாமல் போகிற தவிப்பை இதைவிட நயமாக யார் சொல்லிவிட முடியும்? அந்தப் படம் இதை எல்லாம் தள்ளிவிட்டுப் பெயரையும் முயலையும் மட்டும் எடுத்துக்கொண்டது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் வருபவள் வயதுவந்த பெண். ஒரு குழந்தையையோ குழந்தைப் பாத்திரத்தையோ பாலியல் பார்வையில் காட்டினால் அதற்குக் கலை என்று எந்தப் பெயரும் வைக்க முடியாது. நம் நாட்டில் போக்சோ சட்டமும் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதைக் கடும் குற்றமாக வைத்திருக்கின்றன. அப்படி எதுவும் கண்ணில் பட்டால் யாருக்கும் அனுப்பாமல், 'இது சரியா பாருங்கள்' என்றுகூடப் பகிராமல், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் கொடுங்கள்.

எந்தப் படத்தை எடுத்தாலும் நான் பார்ப்பது இதுதான்: அந்தப் பெண்ணின் பயமும் ஆர்வமும் முடிவும் அவள் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறதா, அல்லது கேமரா அவளை வெளியே நின்று வெறிக்கிறதா? கார்ட்டர் கதையில் யோசிப்பது அந்தப் பெண்தான். அதனால்தான் பல்கலைக்கழகங்கள் அதைப் பாடமாக வைக்கின்றன.

உங்கள் மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு என்றால் பத்தொன்பது வயதாவது இருக்கும். தாராளமாகப் பார்க்கட்டும். முதலில் பெரோவின் கதையை நீதிப் பாடலோடு படிக்கச் சொல்லுங்கள், பிறகு அந்த வாய்மொழிக் கதை, அப்புறம் கார்ட்டர், கடைசியில் படம். தேர்வுக்கும் இது உதவும். நீங்களும் கூட உட்கார்ந்து பார்க்கலாம். ரத்தம் வரும் இடங்களில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் கையில் கைப்பேசியைக் கொடுத்து யூடியூபில் 'ஆலிஸ்' என்று தேடச் சொல்லாதீர்கள். குழந்தைகளுக்கான தனிக் கணக்கு வைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் புத்தகத்தை வாங்கி நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அடுத்த கேள்விக்குப் போவோம்.