விடுதலை என்றால் முழு விடுதலைதான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நீதிமன்றம் விடுதலை செய்தவரைக் குற்றமற்றவராகவே நாம் ஏற்க வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்தார்கள் என்றால் குற்றம் நிரூபணமாகவில்லை என்றுதான் பொருளே தவிர, அவர் அதைச் செய்யவில்லை என்று பொருளாகாது" என்றார். குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது. அந்தப் பொறுப்பில் அவர்கள் தவறியதற்கு, வாய்தா வாய்தாவாக நீதிமன்றப் படியேறியவர் எப்படிப் பொறுப்பாவார்? குற்றமே செய்யாதவர் என்று முழுமையாக விடுவிப்பதைக் குறிக்கும் 'கௌரவமான விடுதலை' என்றொரு சொல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இல்லை, அது தீர்ப்புகளின் வழியே உருவானது என்று 2012-இல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. அந்த வழக்கின் முடிவு, விடுதலையான பிறகு மீண்டும் பணி கேட்ட காவலருக்கு எதிராகவே அமைந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சட்டத்தில் இல்லாத ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனிதர்களை இரண்டு வரிசையாக நிறுத்துவது நியாயமா என்று கேட்கிறேன்.

தமிழ்நாட்டில் அப்படித்தான் நிறுத்துகிறோம். சந்தேகத்தின் பலனாலோ, புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலை பெற்றவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கொள்ள வேண்டும் என்கிறது காவலர் தேர்வுக்கான பணி விதி. அது செல்லும் என்று 2008-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் தீர்ப்பளித்தது. ஊரில் வாய்க்கால் தகராறு; பத்துப் பேர் மீது வழக்கு; பிறகு பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேச, புகார் கொடுத்தவரே கூண்டில் ஏறி 'எனக்கு எதுவும் தெரியாது' என்று சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவனான இளைஞன் எழுத்துத் தேர்வில் தேறி, 1,500 மீட்டர் ஓடி, கயிறேறிக் கை தோலுரிந்து நிற்கும்போது, 'உங்கள் மீது வழக்கு ஏதும் இருந்ததா' என்று கேட்கும் சரிபார்ப்புப் படிவம் அவன் முன் வைக்கப்படுகிறது; அந்த விதியால் வேலை அவன் கையை விட்டுப் போகிறது. புகார்தாரர் கூண்டில் என்ன சொல்வார் என்பதோ, நீதிபதி எந்தச் சொல்லால் விடுவிப்பார் என்பதோ அவன் கையிலா இருந்தது?

இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் உளவுக் குற்றச்சாட்டில் 1994-இல் கைதானார். குற்றச்சாட்டு பொய் என்று 1996-இல் சிபிஐயே அறிக்கை அளித்த பிறகும், 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிடும் வரை அவர் போராட வேண்டியிருந்தது. இதைக் காட்டி, 'விடுவித்தாலும் பழி போகாது' என்றார்கள் எதிரணியினர். அந்தப் பழியைச் சுமந்து திரிந்தது நம் வாய்தானே தவிர, எந்தத் தீர்ப்பும் அன்று.

ஆகவே, விடுதலைத் தீர்ப்பு பெற்றவரிடம் இரண்டாவதாக ஒரு நற்சான்று கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை என்று தீர்ப்பளிக்குமாறு நடுவரை வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.